எழுத்துத் திரையில் அஞ்சல்: அமைப்பதும் பழுது பார்ப்பதும்

போன தை மாதம் எங்கள் எதிர்வீட்டு மாமி ஒரு குறுந்தகட்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். அதன்மேல் பேனாவால் "அஞ்சல் 97-99" என்று எழுதியிருந்தது. மாமாவின் கையெழுத்து. மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலமாகி மூன்று வருஷம் ஆகிறது.

"நீங்க ரயில்வேயில் சிக்னல் எல்லாம் பார்த்தவராச்சே, இதைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன். தாத்தா எழுதினதைப் படிக்கணும்னு பேத்தி ஆசைப்படறா" என்றார்.

தகட்டில் நாலைந்து கோப்புகள் இருந்தன. படமில்லை, பின்னொட்டு இல்லை. இன்றைய மென்பொருள்கள் அவற்றை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆனால் எனக்கு அந்தக் கோப்புகளின் பெயரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது: இவை 'பைன்' என்ற பழைய அஞ்சல் மென்பொருள் விட்டுச் சென்றவை. அந்தத் தகட்டைப் படித்த கதையை நூலகத்தில் நண்பர்களிடம் சொன்னபோது, "இதைப் பாடமாக எழுதுங்கள், பல வீட்டுப் பரணில் இப்படித் தகடுகள் கிடக்கும்" என்றார்கள். எழுதியிருக்கிறேன். மாமியின் சம்மதம் பெற்றே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒரு குறிப்பு. திரையில் அடிக்க வேண்டியவற்றை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

1. பைன் வந்த கதை

1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணைய சேவையைத் தொடங்கியது. அதற்கு முன்பே எர்நெட் என்ற வலையமைப்பு கல்வி, ஆராய்ச்சி நிலையங்களை இணைத்திருந்தது. சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாது. புதிய சேவையில் 'ஷெல்' கணக்கு என்று ஒன்று உண்டு. அதில் படம் வராது, எழுத்து மட்டுமே வரும். தொலைபேசிக் கம்பியில் மோடத்தை மாட்டி எண்ணைச் சுழற்றினால், அது கீச்சிட்டு இரைந்து, பிறகு கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அவற்றைக் கொடுத்ததும் உள்ளே போய்ப் பைனைத் திறக்கலாம். பைனை அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1989-இல் எழுதத் தொடங்கினார்கள்.

அன்றைய வேகம் நொடிக்கு 9,600 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்துப் பத்து பிட் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 960 எழுத்து. இரண்டாயிரம் எழுத்துள்ள கடிதம் இரண்டு நொடியில் போய்விடும். அதே கம்பியில் ஒரு மெகாபைட் புகைப்படம் போக, அஞ்சலுக்காக அது மாற்றப்படும்போது பெருக்கும் அளவையும் சேர்த்தால், ஏறக்குறைய 24 நிமிடம் ஆகும். அதற்குள் வீட்டில் யாராவது இணைத் தொலைபேசியை எடுத்து "ஹலோ" என்றால் எல்லாம் போச்சு. ஆகையால் அன்று எழுத்துதான் அரசன்.

பைனின் வாரிசாக 2007-இல் 'ஆல்பைன்' வந்தது. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸ் கணிப்பொறியில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். பழைய, மெதுவான கணிப்பொறியிலும் ஓடும். எழுத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் நல்லது. படங்கள் தானாக இறங்குவதில்லை. கடிதத்தில் உள்ள சுட்டியைத் தேர்ந்தெடுத்தால், அது உண்மையில் எந்த முகவரிக்குப் போகிறது என்று காட்டி, "திறக்கட்டுமா?" என்று கேட்கும். ஓய்வூதியக்காரர்களைக் குறிவைத்து மோசடிக் கடிதங்கள் வருகிற இந்நாளில் இது சிறிய விஷயமல்ல.

2. கடிதம் போகும் பாதை

பழுது பார்க்க வேண்டுமானால் முதலில் பாதை தெரிய வேண்டும். நம்மில் பலருக்கு ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே அஞ்சல் சேவை நினைவிருக்கும். கரோல்பாக்கில் தபால் பெட்டியில் போட்ட கடிதம் அஞ்சலகத்துக்குப் போகும். அங்கிருந்து பையில் கட்டி ரயிலேறும். ஓடும் வண்டியிலேயே புறா மாடங்களில் ஊர்வாரியாகப் பிரிப்பார்கள். பிறகு கும்பகோணத்து அஞ்சலகத்தில் இறங்கி, அங்கே காத்திருக்கும். அனுப்புவது ஒரு வேலை, பெறுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்வதில்லை.

மின்னஞ்சலும் அப்படியே. அனுப்பும் வேலைக்கு எஸ்.எம்.டி.பி. என்ற முறை. வந்த கடிதத்தைப் பார்க்க ஐமேப் என்ற முறை. இதை 1986-இல் மார்க் கிறிஸ்பின் என்பவர் வகுத்தார், பிறகு பைன் பிறந்த அதே பல்கலைக்கழகத்தில் வேலை செய்தார். ஐமேப் முறையில் கடிதங்கள் அஞ்சலகத்திலேயே இருக்கும், நாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். பாப் என்ற இன்னொரு முறையில் பொதுவாகக் கடிதங்களை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவோம்.

ஒவ்வொரு வேலைக்கும் சர்வரில் ஒரு கதவு எண் உண்டு. பூட்டிய ஐமேப் கதவு 993. கடிதம் கொடுக்கும் கதவு 587 அல்லது 465. சர்வர்கள் தங்களுக்குள் கடிதம் மாற்றிக்கொள்ளும் கதவு 25. இதை வீட்டு இணைப்புகளில் பல நிறுவனங்கள் அடைத்துவிடுகின்றன, ஆகவே நமக்கு ஆகாது. பாப் முறையின் பழைய கதவு எண் 110. தில்லியின் பின்கோடும் 110-இல்தான் தொடங்குகிறது. மறக்காமலிருக்க இது ஒரு வழி.

இதில் முக்கியமாக மனதில் வைக்க வேண்டியது: கடிதம் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் ஐமேப் பகுதியைத் தொடவே வேண்டாம். போகிறது, வரவில்லை என்றால் எஸ்.எம்.டி.பி. பகுதியைத் தொட வேண்டாம். பாதிப் பழுது இந்த ஒரு கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

3. அமைக்கும் முறை

சிக்னல் கருவியைத் திறக்கும் முன் நாங்கள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டி/351 என்ற படிவத்தில் துண்டிப்பு அறிவிப்பு கொடுப்போம். வேலை முடிந்தபின் அதிலேயே மறு இணைப்பு எழுதிக் கையெழுத்திடுவோம். எதைத் தொட்டோம், எப்போது தொட்டோம் என்பதற்குச் சாட்சி வேண்டும். ஆல்பைனின் எல்லா அமைப்பும் உங்கள் வீட்டுக் கோப்புறையில் 'புள்ளி பைன்ஆர்சி' என்ற ஒரே கோப்பில் இருக்கிறது. எதையும் மாற்றுமுன் அதற்கு ஒரு நகல் எடுத்து, தேதியைப் பெயராகச் சேர்த்து வையுங்கள். அதுதான் உங்கள் டி/351.

படி 1. ஆல்பைனைத் திறந்தால் முதன்மைப் பட்டியல் வரும். கீழே இரண்டு வரிகளில் எந்த விசை என்ன செய்யும் என்று எப்போதும் எழுதியிருக்கும். சுட்டெலியைத் தேட வேண்டாம். 'எஸ்' அழுத்தினால் அமைப்புப் பகுதி, பிறகு 'சி' அழுத்தினால் நீண்ட பட்டியல்.

படி 2. முதல் வரியில் உங்கள் பெயர். பெறுபவர் திரையில் இதுதான் தெரியும்.

படி 3. அனுப்பும் சர்வர். இங்கே சர்வரின் பெயர், முக்காற்புள்ளி, 587, சாய்கோடு, 'டிஎல்எஸ்', மீண்டும் சாய்கோடு, 'யூசர்', சமக்குறி, உங்கள் முழு மின்னஞ்சல் முகவரி. நடுவில் எங்கும் இடைவெளி விடக்கூடாது. 'யூசர்' பகுதியை விட்டுவிட்டால் ஆல்பைன் கடவுச்சொல்லைக் கேட்காமலே கடிதத்தை நீட்டும். சர்வர் வாங்க மறுக்கும்.

படி 4. வரவுப் பெட்டி. இங்கே நெளிவு அடைப்புக்குறி வேண்டும். அதற்குள் ஐமேப் சர்வரின் பெயர், சாய்கோடு, 'எஸ்எஸ்எல்', சாய்கோடு, 'யூசர்', சமக்குறி, முழு முகவரி. அடைப்பை மூடியதும் ஒட்டினாற்போல் 'இன்பாக்ஸ்'. படி 3-இல் அடைப்புக்குறி கிடையாது, படி 4-இல் உண்டு. பலரும் தடுக்கி விழும் இடம் இது.

படி 5. கடவுச்சொல். ஜிமெயில் வைத்திருப்பவர்கள் கவனிக்க: தனிநபர் கணக்குகளில், வெறும் கடவுச்சொல்லோடு வெளி மென்பொருளை உள்ளே விடுவதை 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பைச் செயல்படுத்தி, 'ஆப் பாஸ்வேர்டு' என்று 16 எழுத்துச் சொல் ஒன்றைப் பெற்று, அதை ஆல்பைனுக்குக் கொடுக்க வேண்டும். அது அந்த மென்பொருளுக்கு மட்டுமான தனிச் சாவி. தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்துவிடலாம்.

படி 6. 'ஈ' அழுத்தி, சேமிக்கலாமா என்ற கேள்விக்கு 'ஒய்' சொல்லி வெளியே வந்து, ஆல்பைனை மூடித் திறக்கவும். முதல் கடிதத்தை உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். 'சி' அழுத்தினால் புதுக் கடிதம். எழுதி முடித்ததும் கண்ட்ரோலோடு 'எக்ஸ்'. வந்த கடிதத்திற்கு 'ஆர்' அழுத்திப் பதில் போட்டுப் பார்க்கவும். போக்கும் வரத்தும் சரியாக இருந்தால் மறு இணைப்புக் கையெழுத்திடலாம்.

4. பழுது பார்க்கும் முறை

தண்டவாளத்தில் ஒரு சிக்னல் சிவப்பிலேயே நின்றுவிட்டால் புதிதாக வேலைக்கு வந்தவர் நேரே சிக்னலிடம் ஓடுவார். அனுபவசாலி ரிலே அறையில் தொடங்கி ஒவ்வொரு முனையாக மின்னழுத்தம் பார்த்துக்கொண்டே போவார். எந்த முனைவரை மின்சாரம் இருக்கிறது, எந்த முனையில் இல்லை என்று தெரிந்தால் பழுது அந்த இரண்டுக்கும் நடுவில். அதே வரிசையில் இங்கேயும் போகலாம்.

(அ) சர்வரின் பெயரே கிடைக்கவில்லை என்று வந்தால் இணைய இணைப்பைப் பாருங்கள், பிறகு பெயரின் எழுத்துக்களைப் பாருங்கள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் வேறு ஊர்.

(ஆ) பெயர் கிடைக்கிறது, ஆனால் காத்துக் காத்து இணைப்பு முறிகிறது என்றால் கதவு எண். 25 என்று போட்டிருந்தால் 587 ஆக்குங்கள்.

(இ) சான்றிதழ் செல்லாது என்று வந்தால், நில்லுங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் பழைய கணிப்பொறியில் ஒருநாள் காலை இந்தச் செய்தி வந்தது. முதல்நாள் இரவு வரை நன்றாக ஓடியது. எங்கள் அடுக்ககத்தில் ஒரு பையன், கெட்டிக்காரன், வந்து பார்த்தான். "அங்கிள், 'நோவேலிடேட்-சர்ட்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், சான்றிதழைப் பார்க்காமலே உள்ளே விட்டுவிடும்" என்றான். உண்மைதான், அப்படி ஒரு சொல் இருக்கிறது. சேர்த்தால் அஞ்சல் வந்துவிடும்.

ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் சிக்னலில் வேலை செய்தவனுக்குக் கை வரவில்லை. ரயில்வே சிக்னலின் அடிப்படையே இதுதான்: கம்பி அறுந்தாலும், மின்சாரம் போனாலும், ரிலே கெட்டாலும், சிக்னல் சிவப்பைத்தான் காட்ட வேண்டும். சந்தேகம் என்றால் நிறுத்து. அந்தச் சிவப்பு தொந்தரவாக இருக்கிறது என்று குறுக்கே ஒரு கம்பியை ஒட்டிப் பச்சையாக்கிவிட்டால், வண்டி போய்விடும். ஒருநாள், உண்மையிலேயே அடுத்த வண்டி நிற்கும்போதும் போய்விடும். சான்றிதழ் என்பது, எதிரே இருப்பது உண்மையான அஞ்சலகம்தானா, அஞ்சலக வேஷம் போட்ட வேறு யாரோவா என்று சொல்லும் சிக்னல். அதை ஏமாற்றிவிட்டு, கடவுச்சொல்லை நீட்டினால், யார் கையில் கொடுக்கிறோம் என்று நமக்கே தெரியாது.

ஆகவே முனை முனையாகப் பார்த்தேன். கடைசியில் கணிப்பொறியின் தேதியைப் பார்த்தால் பல வருஷம் பின்னால் இருந்தது. அந்தத் தேதியில் அந்தச் சான்றிதழ் பிறக்கவே இல்லை! நேரத்தைத் தானாகத் திருத்தும் வசதியை நானே எப்போதோ அணைத்து வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த காசு போன்ற மின்கலத்தை எடுத்து மீட்டரில் வைத்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ட்கூட இல்லை. கடிகாரக் கடையில் புதியது வாங்கிப் போட்டேன். தேதியைத் திருத்தினேன். அஞ்சல் வந்தது. ஒரு எழுத்தைக்கூட அமைப்பில் மாற்றவில்லை. அந்தப் பையனும் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று அவன் யாருக்குப் பழுது பார்த்தாலும் முதலில் தேதியைக் கேட்கிறான்.

(ஈ) கடவுச்சொல்லை ஏற்கவில்லை என்றால் எண்ணைப் பாருங்கள். சர்வர் பேசும்போது ஒவ்வொரு பதிலுக்கும் மூன்றிலக்க எண் கொடுக்கும். 2-இல் தொடங்கினால் சரி. 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. காத்திருந்து மீண்டும் முயலலாம். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. அப்படியே திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. 530 என்றால் நீங்கள் யார் என்று சொல்லவே இல்லை (படி 3-ஐப் பார்க்க). 535 என்றால் சொன்னீர்கள், சாவி தவறு (படி 5). 550 என்றால் பெரும்பாலும் பெறுபவர் முகவரி தவறு.

(உ) கடிதம் போகிறது, பதில் மட்டும் வருவதில்லை என்றால் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். லினக்ஸில் ஆல்பைன் உங்கள் கணிப்பொறிப் பெயரையே முகவரியாகப் போட்டுவிடும். அமைப்புப் பட்டியலில் 'கஸ்டமைஸ்டு ஹெடர்ஸ்' என்ற இடத்தில் 'ஃப்ரம்' என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, உண்மையான முகவரியைத் தாருங்கள்.

(ஊ) பெட்டி 'படிக்க மட்டும்' என்று திறந்தால், அதே பெட்டியை இன்னொரு ஜன்னலில் திறந்து வைத்திருப்பீர்கள். ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் டோக்கன். மற்றதை மூடுங்கள். அன்று தொலைபேசித் தொடர்பு அறுந்து மறுபடி உள்ளே போனால், பழைய ஆவி இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருக்க, இதே தகராறு வரும்.

5. தமிழ்க் கடிதங்களின் பழுது

இனி மாமியின் தகடு. நகலெடுத்து, நகலைத்தான் தொட்டேன். பைன் ஒரு கோப்புறைக் கடிதங்களையெல்லாம் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்கும். அனுப்பியவை 'சென்ட்மெயில்', பத்திரப்படுத்தியவை 'சேவ்டு மெசேஜஸ்'. விண்டோஸ் வழியாக வந்த கோப்பில் வரி முடிவுக் குறி மாறியிருக்கும் என்பதால் 'டாஸ்2யூனிக்ஸ்' என்ற சிறு மென்பொருளால் அதைச் சரிசெய்து, வீட்டுக் கோப்புறையில் 'மெயில்' என்ற இடத்தில் போட்டேன். ஆல்பைனில் 'எல்' அழுத்தியதும் இரண்டும் பட்டியலில் வந்து நின்றன.

மாமா அனுப்பிய கடிதங்கள் எல்லாம் உடனே படிக்க முடிந்தன. அவர் திரையில் தமிழ் வராது. ஆகவே அந்நாளில் எல்லோரும் செய்ததுபோல் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். மகள் கல்யாணமாகி 1997-இல் நியூ ஜெர்சி போனவள். குழம்பில் பெருங்காயம் எப்போது போடுவது, வருமான வரிப் படிவம், மலை மந்திர் உற்சவம் என்று எல்லாம் இருந்தது.

மகளின் கடிதங்களும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் 1999-இல் வந்த பதினொரு கடிதங்கள் மட்டும் தலையில் கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்களாகக் குழம்பிக் கிடந்தன.

இந்தக் குழப்பம் இரண்டு வகை. உங்கள் திரையில் மேலே கோடிட்ட சிறிய 'ஏ' எழுத்தும், வணிக முத்திரைபோல் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால், அது இன்றைய யூனிகோடு தமிழ். கடிதத்தின் பெயர்ச்சீட்டில் எழுத்து முறை தவறாக எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ஆல்பைனையும் முனையத்தையும் யூடிஎஃப்-8 முறையில் வைத்து, அமைப்புப் பட்டியலில் 'அன்னோன் கேரக்டர் செட்' என்ற இடத்தில் யூடிஎஃப்-8 கொடுத்தால், சீட்டே இல்லாத கடிதங்கள் சரியாகிவிடும். எழுத்து தெரிந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அது முனைய மென்பொருளின் குறை, கடிதத்தில் பழுதில்லை.

அந்தச் சோடி வராமல் வெறும் குழப்பமாக இருந்தால் பழைய எழுத்து முறை. 1990-களில் தமிழுக்கு ஒரே முறை நிலைக்கவில்லை. சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு என்று ஒவ்வொருவர் கையில் ஒவ்வொன்று. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து டிஸ்கி என்ற பொது முறையை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற முறைகளை அறிவித்தது. அனுப்பியவரிடம் இருந்த அதே எழுத்துரு பெறுபவரிடமும் இருந்தால்தான் படிக்க முடியும்.

மகளைத் தொலைபேசியில் கேட்டோம். "டிஸ்கிதான் மாமா, அப்போ புதுசு" என்றாள். டிஸ்கியில் முதல் 128 இடம் ஆங்கிலம், அடுத்த 128 இடம் தமிழ். நாம் கையால் எழுதுவதுபோல் 'கெ' எழுதக் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. ஆகவே எண்ணை மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். இந்த வேலையைச் செய்ய லினக்ஸில் 'ஐகான்வ்' என்ற கருவி ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு டிஸ்கி தெரியும். 'ஐகான்வ்', இடைவெளி, கழித்தல் குறி 'எஃப்', 'டிஸ்கி', கழித்தல் குறி 'டி', 'யூடிஎஃப்-8', பிறகு கோப்பின் பெயர். அங்கே மட்டும் டிஸ்கியின் ஐந்து ஆங்கில எழுத்துக்களையும் யூடிஎஃப்-பையும் பெரிய எழுத்தில் அடியுங்கள். மாறிய பின் கடிதத்தின் சீட்டில் இன்னும் பழைய பெயரே இருக்கும் என்பதால், ஆல்பைனில் திறக்காமல் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து படியுங்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் டிஸ்கி, டாப், டாம் எல்லாவற்றையும் மாற்றும்.

கோப்பை நேரே திறந்தால் சமக்குறியும் இரண்டு எழுத்துமாக வரி முழுதும் இருக்கிறதா? அது பயணத்துக்காகக் கட்டிய மூட்டை. முதலில் மூட்டையை அவிழ்க்க வேண்டும். கடித உடலை மட்டும் தனிக் கோப்பாக்கி, பைத்தானில் உள்ள 'க்வோப்ரி' என்ற பகுதியால் அவிழ்க்கலாம். அதன் பிறகே ஐகான்வ்.

ஐகான்வ் நடுவில் "செல்லாத எழுத்து" என்று நின்றால், அது சிவப்பு. கழித்தல் குறி 'சி' சேர்த்தால் புரியாத எழுத்தையெல்லாம் சொல்லாமல் உதறிவிட்டு ஓடும். சேர்க்காதீர்கள். அது பெட்டியைக் கழற்றிவிட்டு வண்டியை நேரத்துக்குக் கொண்டுசேர்ப்பது போல. எந்த இடத்தில் நின்றது என்று எண் சொல்லும். அங்கே போய்ப் பாருங்கள்.

பதினொன்றில் எட்டுக் கடிதங்கள் முழுதாக வந்தன. மற்ற மூன்றும் மாமா திரையில் தெரிந்ததை அப்படியே பிடித்துச் சேமித்தவை. எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி விழுந்துவிட்டது. கேள்விக்குறியாகிவிட்ட எழுத்தை எந்தக் கருவியாலும் திருப்ப முடியாது. சேமிக்கும்போது தோற்றத்தைச் சேமிக்காமல் கோப்பைச் சேமிக்க வேண்டும் என்பது இதிலிருந்து பாடம்.

6. படிக்கப்படாத கடிதம்

அந்த எட்டில் நீளமானது 1999 பிப்ரவரியில் வந்தது. அன்று மகள் ஐந்து மாதம். பனி, தனிமை, கணவருக்கு இரவு வேலை. பிரசவத்துக்கு தில்லி வந்துவிடட்டுமா, அல்லது அம்மாவை அனுப்ப முடியுமா, அப்பா யோசித்துச் சொல்லுங்கள் என்று இரண்டு பக்கம். மனசில் இருந்ததைத் தமிழில்தான் எழுத வந்திருக்கிறது.

மாமாவின் பதில் 'சென்ட்மெயில்' கோப்பில், மறுநாள் தேதியிட்டு இருந்தது. உன் கடிதம் முழுவதும் கிறுக்கலாக வந்திருக்கிறது, ஆங்கில எழுத்தில் திரும்ப அனுப்பு என்று இரண்டு வரி. அதற்கு மகளின் பதில் நாலு வரி: ஒன்றுமில்லை அப்பா, புது எழுத்துருவைச் சோதித்தேன், எல்லோரும் சௌக்கியம்.

"ரெண்டாந்தரம் எழுத மனசு வரலை" என்றாள் தொலைபேசியில்.

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து தொலைபேசியில் சத்தமாகப் படித்தார். அந்தப் பக்கம் மகளும், அந்த வருஷம் பிறந்த பேத்தியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் மாமி, "நான் வந்திருப்பேனே டீ" என்றார். நான் தேநீர் போட உள்ளே போய்விட்டேன்.

மாமாமீது குற்றமில்லை, மகள்மீதும் இல்லை. பாதையின் ஒரு முனையில் ஓர் எழுத்துமுறை இருந்தது, மறுமுனையில் இல்லை. ஆனால் அவர் புரியாத கடிதங்களை அழிக்காமல் வைத்திருந்தார். அதனால்தான் இருபத்தைந்து வருஷம் கழித்தும் அதைப் படிக்க முடிந்தது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய தகடோ நெகிழ்தட்டோ இருந்தால், கிறுக்கல் என்று தூக்கிப் போடாதீர்கள். முதலில் நகலெடுங்கள். அந்தப் பொருள்கள் நம்மைவிட வேகமாக மூப்படைகின்றன.

பயிற்சி

1. கடிதம் வருகிறது, போகவில்லை. சர்வர் 530 என்கிறது. எந்தப் படியைத் திருத்த வேண்டும்?

2. நேற்றுவரை வேலை செய்த அஞ்சலில் இன்று சான்றிதழ் பழுது. அமைப்பைத் தொடுமுன் பார்க்க வேண்டியது என்ன?

3. பழைய கடிதம் ஒன்று குழம்பித் தெரிகிறது. அது யூனிகோடா, பழைய முறையா என்று கண்ணால் பார்த்தே எப்படிச் சொல்வீர்கள்?

விடைகள் மேலேயே இருக்கின்றன. செய்துபார்த்துத் தகராறு வந்தவர்கள், திரையில் வந்த செய்தியை ஒரு எழுத்து விடாமல் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஞாயிறு மாலை நூலகத்துக்கு வாருங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் எனக்கும் ஒன்றும் தெரியாது.